மீண்டும் மீண்டும் இரண்டு முகங்கள்: இந்தியக் குவியல்களில் ரோமானிய வெள்ளி

ரோமானிய வெள்ளிக்காசுகளைச் சேகரிப்போர் ஏறக்குறைய அனைவரிடமும் இருக்கக்கூடிய காசுகள் இரண்டு உண்டு. முதலாவது அகஸ்டஸ் பேரரசருடையது: முன்புறத்தில் இலைமாலை சூடிய அவரது தலை, பின்புறத்தில் அவருடைய மகள்வழிப் பெயரர்களும் தத்துப்பிள்ளைகளுமான காயஸ், லூசியஸ் இருவரும் கேடயங்களோடும் ஈட்டிகளோடும் நிற்கின்றனர். இரண்டாவது அவருக்குப் பின் வந்த டைபீரியஸுடையது: பின்புறத்தில் செங்கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணுருவம். இரண்டும் அரிய காசுகள் அல்ல. டைபீரியஸின் காசுக்கு மட்டும், நற்செய்தி நூல்களில் இயேசுவிடம் காட்டப்பட்ட வரிக்காசு இதுவாகவே இருக்கும் என்ற நம்பிக்கையால், சந்தையில் சற்றுக் கூடுதல் விலை. சேகரிப்பாளர் வகைக்கு ஒன்றாக வாங்கித் தட்டில் வைத்துவிட்டு அடுத்த வகையைத் தேடிப் போய்விடுவார்.

இந்திய மண்ணில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் குவியல்களைத் திறந்தால் இவ்விரு காசுகளே திரும்பத் திரும்ப வருகின்றன. கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842இல் கிடைத்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட காசுகளிலும், அதே ஊரில் 1931இல் கிடைத்த 121 காசுகளிலும், உடுமலைப்பேட்டைப் பகுதியின் பூதிநத்தத்தில் கிடைத்த ஆயிரத்திற்கும் மேற்பட்ட காசுகளிலும், இன்றைய தெலங்கானாவின் நல்கொண்டா வட்டாரத்து அக்கன்பள்ளியில் கிடைத்த ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட காசுகளிலும் அகஸ்டஸும் டைபீரியஸுமே பெரும்பான்மை. சேகரிப்பவரின் கண்ணுக்குச் சலிப்பூட்டும் இந்த ஒரே தன்மையில்தான் முதல் நூற்றாண்டு வணிகத்தைப் பற்றிய மிக முக்கியமான கேள்வி அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து. இந்தப் பதிவு அதைப் பற்றியது. சற்று நீளமானது, பொறுத்தருள்க.

முதலில் காசைப் பற்றி. இலத்தீனில் ‘தெனாரியுஸ்’ என்பதன் பொருள் ‘பத்துப் பத்தாக உடையது’ என்பது. கார்த்தேஜுடனான இரண்டாம் போரின் நெருக்கடியில், கி.மு. 211 அளவில் ரோம் இக்காசை வெளியிட்டபோது, அது பத்து ‘ஆஸ்’ செப்புக்காசுகளுக்கு ஈடாக இருந்தது. பத்தைக் குறிக்கும் எண்குறியும் அதன்மேல் பொறிக்கப்பட்டது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலேயே அந்த மதிப்பு பதினாறு ஆஸாக மாற்றப்பட்டது. பெயர் மட்டும் பத்திலேயே நின்றுவிட்டது. தமிழ்த் திருவிவிலிய மொழிபெயர்ப்பு ‘தெனாரியம்’ என்று ஆள்கிறது. நம் நாவுக்கு இசைந்த வடிவம் என்பதால் நானும் அதையே பயன்படுத்துகிறேன்.

அகஸ்டஸ் காலத்தில் ஒரு ரோமானிய இராத்தல் வெள்ளியிலிருந்து 84 தெனாரியங்கள் அடிக்கப்பட்டன. ஒன்றின் எடை நான்கு கிராமுக்குச் சற்றுக் குறைவு. வெள்ளி ஏறத்தாழத் தூயது. ஒரு படைவீரனின் ஆண்டு ஊதியம் 225 தெனாரியங்கள். இந்த வெள்ளியின் பெரும்பகுதி ஸ்பெயின் நாட்டுச் சுரங்கங்களிலிருந்து வந்தது. வெள்ளியைப் பிரிக்க ஈயத்தாதை உருக்கியபோது எழுந்த புகை கிரீன்லாந்துப் பனிப்பாளங்களில் படிந்து இன்றும் அளக்கக் கிடைக்கிறது. 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு ரோமின் ஏற்ற இறக்கங்களை அந்த ஈயப் படிவிலேயே படித்துக் காட்டியது.

பழங்காசு சேர்க்கும் பழக்கமும் பழையது. அகஸ்டஸே விழாக்காலத்தில் பழைய மன்னர்களின் காசுகளையும் வெளிநாட்டுக் காசுகளையும் பரிசளித்தார் என்கிறார் சூட்டோனியஸ். பதினான்காம் நூற்றாண்டில் இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க், தாம் சேர்த்த ரோமானியக் காசுகள் சிலவற்றைப் பேரரசர் நான்காம் சார்லசுக்கு அளித்து, இம்முன்னோரைப் போல் வாழுங்கள் என்று அறிவுறுத்தினார். அவருக்குக் காசு என்பது கையில் ஏந்தக்கூடிய ஒரு முகம். மறுமலர்ச்சிக்கால ஐரோப்பா முழுவதும் அப்படித்தான் சேகரித்தது: பேரரசருக்கு ஒன்று, வரிசையில் விடுபடாமல். இந்த ஆவல் போலிகளையும் பெற்றெடுத்தது. பதுவா நகரத்துக் கவீனோ பதினாறாம் நூற்றாண்டில் ரோமானியப் பாணியில் அடித்த பதக்கங்கள் இன்று தமக்கெனத் தனிச் சேகரிப்பாளர்களைக் கொண்டுள்ளன. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வியன்னாவின் எக்கெல் இத்துறையை முறைப்படுத்தினார். ஆயினும் வகைப்பட்டியலே நாணயவியலின் அடிப்படை வடிவமாக நிலைத்தது. பட்டியலில் ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்கு ஒரு காசு கிடைத்துவிட்டால் இரண்டாவது ‘மிகைப்படி’ ஆகிவிடுகிறது.

இந்தியாவின் குவியல்கள் கண்டெடுக்கப்பட்ட காலம் இந்த மனநிலை உச்சத்தில் இருந்த காலம். காலின் மெக்கன்சி, வால்டர் எலியட் போன்ற அதிகாரிகள் ஆர்வத்தோடு காசு சேர்த்தனர். சென்னை அருங்காட்சியகத்தில் எட்கர் தர்ஸ்டன் ரோமானியக் காசுகளுக்குப் பட்டியல் தயாரித்தார். 1904இல் இராபர்ட் சிவெல், அதுவரை இந்தியாவில் கிடைத்தவற்றை இடவாரியாகத் தொகுத்து எழுதிய கட்டுரையே, தனிக்காசிலிருந்து குவியலுக்குப் பார்வையைத் திருப்பிய முதல் பெரிய முயற்சி. குறைகள் உண்டு, ஆனால் இன்றும் அதைக் கடந்து செல்லாமல் எவரும் எழுத முடிவதில்லை.

அக்குவியல்களை ரோமப் பேரரசுக்குள் கிடைக்கும் குவியல்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு உடனே தெரியும். கி.பி. முதல் நூற்றாண்டில் இத்தாலியில் ஒருவர் தம் பணப்பையைக் கவிழ்த்திருந்தால் குடியரசுக் காலத்துப் பழைய தெனாரியங்கள்தாம் மிகுதியாகக் கொட்டியிருக்கும். நூறாண்டு, நூற்றைம்பதாண்டு பழையவையும் புழக்கத்தில் இருந்தன. ஜூலியஸ் சீசரின் யானை, மார்க் ஆண்டனியின் போர்க்கப்பல், பல நூறு குடும்பப் பெயர்கள் எனப் பலவகை உருவங்கள். இந்தியக் குவியல்களிலோ குடியரசுக் காலக் காசுகள் மிக அரிது. ஆக, இங்கு வந்து சேர்ந்தது ரோமின் புழக்கத்திலிருந்து கைக்கு வந்தபடி அள்ளிய பணம் அன்று. எங்கோ ஓரிடத்தில் எவரோ பிரித்தெடுத்திருக்கிறார்கள்.

எகிப்து வழியில் அது தானாக நிகழ்ந்திருக்காது. இந்தியக் கப்பல்கள் புறப்பட்ட செங்கடல் துறைகள் எகிப்தைச் சேர்ந்தவை. எகிப்திலோ அலெக்சாந்திரியாவில் அடித்த தனிக்காசே செல்லும், தெனாரியம் புழங்கவில்லை. அப்படியானால் இந்தியாவுக்குரிய வெள்ளி, வழியில் செலவழியாத ஒரு சரக்காகவே எகிப்தைக் கடந்திருக்க வேண்டும். மிளகுக்காகவும் கொங்குப் பகுதியின் பெரில் மணிக்காகவும் மூட்டை கட்டப்பட்ட சரக்கு. பெரிப்ளுஸ் நூலும் அப்படித்தான் பேசுகிறது: பரிகாசாவுக்கு (இன்றைய பரூச்) கொண்டு செல்ல வேண்டியவற்றின் பட்டியலில் பொன், வெள்ளித் தெனாரியங்களைச் சேர்த்து, உள்ளூர்க் காசோடு மாற்றினால் ஆதாயம் உண்டு என்று குறிக்கிறது, முசிறிக்கும் பெருமளவில் பணம் தேவை என்கிறது.

இங்கே மொழியியல் மாணவனாக ஓர் இடைக்குறிப்பு. முசிறிக்கு யவனர் கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூற்றின் 149ஆம் பாடல் சொல்வதை நாமெல்லாம் மேற்கோளாகக் காட்டுகிறோம். பொன் என்றவுடன் தங்கம் என்று கொள்கிறோம். ஆனால் பழந்தமிழில் ‘பொன்’ உலோகப் பொதுப்பெயராகவும் வழங்கியது. இரும்பு கரும்பொன், வெள்ளி வெண்பொன், ஐம்பொன் என்ற தொகைச்சொல் இன்றும் வழக்கில் உண்டு. கொங்கு நாட்டு மண்ணில் இத்தனை வெள்ளி கிடைத்திருக்கும்போது, அப்பாடலின் ‘பொன்’னுக்குள் வெள்ளிக்கும் இடம் விடுவதே முறை.

யார், எதற்காகப் பிரித்தெடுத்தார்கள் என்பதற்கு வருவோம். பிளினியின் இயற்கை வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. செங்கடல் பகுதியின் வரிவசூலைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியஸ் புளோகாமஸ் என்பவரின் விடுதலை பெற்ற அடிமை ஒருவர், காற்றில் அடித்துச் செல்லப்பட்டுத் தப்ரோபேனாகிய இலங்கையில் கரையேறினார். அவரிடமிருந்த தெனாரியங்களைப் பார்த்த மன்னர், அவற்றின் உருவங்கள் வெவ்வேறு ஆட்சியாளர்களைக் காட்டினாலும் எடை மட்டும் ஒன்றாகவே இருப்பதைக் கண்டு ரோமரின் நேர்மையை வியந்தாராம். பின்னர் கிளாடியஸ் பேரரசரிடம் தூதும் அனுப்பினாராம். ரோமரின் தற்புகழ்ச்சி கலந்த கதை என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த மன்னர் காசைக் கண்ணால் மட்டும் பார்க்கவில்லை, நிறுத்துப் பார்த்தார் என்பது கவனிக்கத்தக்கது.

இன்னொரு செய்தி பேரரசின் மறு எல்லையிலிருந்து. ஜெர்மானியர் தமக்குப் பழக்கமான பழைய காசுகளையே விரும்புகிறார்கள் என்கிறார் டாசிடஸ். விளிம்பில் பல் வெட்டியவையும், இரு குதிரைத் தேர் பொறித்தவையும் அவர்களுக்கு உகந்தவையாம். இவர்கள் நிறுக்கவில்லை, உருவத்தை நம்பினார்கள். விளிம்பில் பல் இருந்தால் உள்ளே செம்பை வைத்து மேலே வெள்ளித் தகடு போர்த்திய காசு அல்ல என்று நம்பியிருக்கலாம். அந்த நம்பிக்கை முழுதும் சரியன்று. பல் வெட்டிய விளிம்போடும் செப்புக்கருக் காசுகள் கிடைத்துள்ளன.

என் பார்வையில், இந்தியக் குவியல்கள் இவ்விரண்டு நடத்தைகளுக்கும் இடைப்பட்டவை. கொங்கு நாட்டிலும் கிருஷ்ணை ஆற்றங்கரையிலும் எடைக்கல்லும் தராசும் அறியாதார் இல்லை. ஆனால் ஆயிரம் காசை ஒவ்வொன்றாக நிறுத்து உரைத்துப் பார்க்க எந்த வணிகரும் விரும்பமாட்டார். ஓர் உருவம் எப்போதும் நல்ல வெள்ளியோடு வருகிறது என்ற பட்டறிவு ஏற்பட்டுவிட்டால், அந்த உருவமே தராசின் வேலையைச் செய்துவிடும். டைபீரியஸ் தம் 23 ஆண்டு ஆட்சியில் ஒரே வகையைப் பெரிய மாற்றமின்றி அடித்துக்கொண்டேயிருந்தார். ஆக்டியம் போருக்காக ஆண்டனி அடித்த படையணிக் காசுகளோ மட்டமான வெள்ளி. ஆண்டனி தெனாரியத்தில் கலப்படம் செய்தார் என்று பிளினியே எழுதுகிறார். இன்றைய சேகரிப்பாளர் படையணி எண் வரிசையில் அவற்றைத் தேடித்தேடி வாங்குகிறார். அன்றைய முசிறி வணிகருக்கு முகம் தெரியாத காசு என்றால் ஐயம்தான்.

இதனோடு நீரோவின் சீர்திருத்தத்தையும் சேர்க்க வேண்டும். கி.பி. 64இல் இராத்தலுக்கு 84 என்றிருந்தது 96 ஆக்கப்பட்டது. வெள்ளியின் தூய்மையும் குறைக்கப்பட்டது. அதற்குப் பிந்திய வெள்ளிக்காசுகள் இந்தியாவில் மிகக் குறைவு. கேரளத்தின் இய்யால் குவியல் போல, டிரேஜன் காலம் வரை நீள்பவை விதிவிலக்குகள். இதை வைத்து, நீரோவுக்குப் பின் வணிகமே சரிந்தது என்று முன்பு சிலர் எழுதினர். டேவிட் மக்டவல் வேறொரு விளக்கம் தந்தார்: குவியலிலுள்ள கடைசிக் காசின் தேதி அது கப்பலேறிய தேதி ஆகாது, சீர்திருத்தத்திற்குப் பின் பழைய நல்ல காசுக்கு உள்நாட்டைவிட வெளிநாட்டில் மதிப்புக் கூடியதால், வணிகர் அவற்றைத் தேடிப் பொறுக்கி ஏற்றுமதி செய்திருக்கலாம். 1989இல் இந்தியக் குவியல்களை மீளாய்வு செய்த பாலா டர்னரின் நூலும் இக்கேள்வியை விரிவாக எடுத்துக்கொண்டது. எனக்கு மக்டவலின் விளக்கம் பெருமளவு ஏற்புடையது. ஆனால் அது பழைய காசு ஏன் வந்தது என்பதைச் சொல்கிறதேயன்றி, பழையவற்றுள்ளும் ஏன் இந்த இரண்டு வகை மட்டும் என்பதைச் சொல்லவில்லை. அதற்கு வாங்கியவர் பக்கத்து விருப்பத்தையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். ரோம் கொடுத்தது, இந்தியா பெற்றது என்று எழுதிப் பழகிவிட்டோம். இக்குவியல்களில் தெரிவு செய்த கைகளுள் ஒன்றாவது இக்கரையைச் சேர்ந்தது.

அந்த முகங்கள் இங்கு எவ்வளவு வேரூன்றின என்பதற்கு உள்ளூர்ப் பின்பற்றல்களே சான்று. காயஸ், லூசியஸ் வகையைப் பார்த்து இந்தியாவில் அடிக்கப்பட்ட காசுகள் கிடைத்துள்ளன. அவற்றின் உருவங்கள் ஓரளவு பிழையின்றி வருகின்றன, எழுத்துகள்தாம் சிதைகின்றன. இலத்தீன் அறியாத அச்சு செதுக்குநர் அவற்றை ஒலியாகக் காணாமல் விளிம்பை அழகுசெய்யும் கோடுகளாகவும் வட்டங்களாகவும் கண்டார். எழுத்து மொழியிலிருந்து கழன்று வெறும் வடிவமாகும் இந்தத் தருணத்தை விடச் சுவையான தரவு எங்கள் துறைக்கு வேறில்லை. மறுபுறம், கரூரில் கிடைத்த சேரர் வெள்ளிக்காசுகளில் ரோமானியத் தலைவடிவை நினைவூட்டும் ஒரு முகமும், ‘மாக்கோதை’ என்ற தமிழி எழுத்துப் பொறிப்பும் உள்ளன. முகத்தை எடுத்துக்கொண்டு, எழுத்தைத் தன்னதாக்கிக்கொண்ட காசு அது.

பெயரும் பயணித்தது. ‘தெனாரியுஸ்’ வடமொழியில் ‘தீனார’ ஆயிற்று. நாகார்ஜுனகொண்டாவின் இக்ஷ்வாகு காலக் கல்வெட்டுக் கொடைகளில் ‘தினாரி’ என்று வருகிறது. அக்கன்பள்ளிக் குவியல் கிடைத்த நல்கொண்டா கிருஷ்ணையின் மறுகரைதான். குப்தர் கல்வெட்டுகளில் அச்சொல் பொற்காசைக் குறிக்கிறது. காஷ்மீரத்து இராஜதரங்கிணியில் அது செப்புச்சல்லி வரை இறங்கிப் பொதுக் கணக்கலகு ஆகிவிடுகிறது. பிறந்த ஊரில் முதன்மையாக வெள்ளிக்காசைக் குறித்த ஒரு சொல், வெள்ளி ஏராளமாக வந்து சேர்ந்த நாட்டில் அந்த உலோகத்தையே உதறிவிட்டிருக்கிறது.

இத்தனை வாதங்களும் எதன்மேல் நிற்கின்றன? எண்ணிக்கையின்மேல். ஒரு குவியலில் அகஸ்டஸ் எத்தனை, டைபீரியஸ் எத்தனை, பின்பற்றல் எத்தனை, எடை என்ன, தேய்மானம் என்ன, வெட்டுத்தழும்பு உண்டா என்பவற்றின்மேல். மேலும் ஒன்று: அக்காலக் காசு ஒவ்வொன்றும் கையால் செதுக்கிய அச்சில் அடிக்கப்பட்டது. ஒரே அச்சிலிருந்து வந்த காசுகள் ஒரு குவியலில் பல இருந்தால், அவை அக்கசாலையிலிருந்து அதிகம் பிரியாமல் ஒரே மூட்டையாகப் பயணித்தன என்று கருதலாம். அச்சுகள் எல்லாம் வெவ்வேறானால், பல கை மாறிப் பொறுக்கப்பட்டவை எனலாம். மக்டவல் சரியா என்பதைச் சோதிக்க இதைவிட நேரான வழி இல்லை. அதற்குத் தேவைப்படுபவை துல்லியமாக அந்த ‘மிகைப்படிகள்’.

அவைதாம் இன்று சிதறிக் கிடக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குவியல்களில் பெரும்பங்கு தட்டார் உலையில் உருகிற்று. மிஞ்சியவற்றிலும், வகைக்குச் சிலவற்றை வைத்துக்கொண்டு எஞ்சியதைப் பிற அருங்காட்சியகங்களுக்குப் பகிர்ந்தளிப்பது வழக்கமாக இருந்தது. பகிர்ந்தவர்களின் எண்ணம் நல்லதுதான். ஆனால் குவியல் குவியலாக இருப்பதை அது முடித்து வைத்தது.

சட்டமும் உதவவில்லை. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அரசு அதை எடுத்துக்கொள்ள விரும்பினால் தர வேண்டிய தொகை, உலோகத்தின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும். ஒரு டைபீரியஸ் காசின் வெள்ளி சில நூறு ரூபாய் பெறும். சந்தையிலோ அதே காசு பல்லாயிரம் ரூபாய். உழவு வயலில் பானை கண்டெடுத்த கூலித்தொழிலாளி எதைத் தேர்வார் என்பதற்கு ஆய்வு தேவையில்லை. அவரைக் குற்றம் சொல்லிவிட்டு, அக்காசை ‘தென்னிந்தியக் குவியலிலிருந்து’ என்ற ஒற்றைவரிக் குறிப்போடு வாங்கிப் பெருமைப்படும் சேகரிப்பாளரை நாகரிகமானவர் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மூலவரலாறு இல்லாத காசு சந்தையிலும் ஆபத்தானது என்பதை இப்போது பெரிய ஏலங்களும் உணரத் தொடங்கியுள்ளன. சீசரைக் கொன்றதைக் கொண்டாடிப் புரூட்டஸ் வெளியிட்ட, இரு குறுவாள்களும் விடுதலைத் தொப்பியும் பொறித்த காசின் தங்க வடிவம் ஒன்று 2020இல் சாதனை விலைக்கு ஏலம் போயிற்று. அதற்குக் காட்டப்பட்ட உடைமை வரலாறு பொய் என்று தெரிந்து, 2023இல் அது கிரேக்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது. புகழ்பெற்ற ஒற்றைக்காசு என்பதால் அதற்கு வீடு திரும்பும் வழி கிடைத்தது. டைபீரியஸின் சாதாரணக் காசு ஆயிரத்தைத் தேடி எவரும் வழக்குத் தொடுக்கமாட்டார்.

சேகரிப்பவர்கள் எனக்கு அயலார் அல்லர். மாவட்டப் பழங்காசுக் கூட்டங்களில் நான் கற்றது சில வகுப்பறைகளில் கற்றதைவிடக் கூடுதல். தேய்ந்த காசைத் தொட்டே வகை சொல்லும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே அவர்களிடமும், வீட்டில் பாட்டன் காலத்துக் காசு ஒன்றிரண்டு வைத்திருக்கும் மாணவ நண்பர்களிடமும் ஒரு வேண்டுகோள். ரோமானிய வெள்ளி எது கையில் கிடைத்தாலும் புளி, எலுமிச்சை, சாம்பல் எதையும் இட்டுத் துலக்காதீர்கள்; பரப்பிலுள்ள மண்ணும் தழும்பும் தரவு. நகைக்கடைத் தராசில் இரண்டு தசம இடம் வரை எடையைக் குறியுங்கள். இரு புறங்களையும், விளிம்பையும், பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். எந்த ஊர், யாரிடமிருந்து, எந்த ஆண்டு, உடன் வேறு எத்தனை இருந்தன என்று தெரிந்தவரை ஒரு தாளில் எழுதிக் காசோடு வையுங்கள். பத்துக் காசு ஒன்றாக இருந்தால், பத்தும் ஒரே மாதிரி இருக்கின்றனவே என்று ஒன்பதை விற்றுவிடாதீர்கள். புதிதாக மண்ணிலிருந்து வந்த குவியல் என்றால், பானையின் ஓட்டுச்சில் உட்பட எதையும் பிரிக்காமல் ஆட்சியர் அலுவலகத்திற்கும் தொல்லியல் துறைக்கும் தெரிவியுங்கள்.